உறைந்த ஏரியும் உயிர்ப் பாதுகாப்பும்

நீரின்மேல் நடத்தல் சித்தர்க்கும் யோகியர்க்குமே கைகூடும் அரிய சித்தி என்பது நம் முன்னோர் கொள்கை. ஆயின் பூமியின் வடபாகத்திலே, கனடா, பின்லாந்து, ருஷ்யா முதலிய நாடுகளில், தை மாசி மாதங்களில் இச்சித்தி எல்லார்க்கும் எளிதாகி விடுகின்றது. ஏரிகள் இறுகிப் பாறைபோல் ஆகின்றன. சிறுவரும் முதியவரும் அவற்றின்மீது நடந்து செல்கின்றனர், வண்டிகள் ஓடுகின்றன, சிறு குடில்கள் எழுந்து, சில வாரங்களுக்கு ஓர் ஊரே அங்கு தோன்றிவிடுகின்றது. அவ்வூரார் செய்யும் தொழில் ஒன்றே. பனியில் ஒரு சாணகலத்துக்குத் துளையிட்டு, அதனருகே அமர்ந்து, தூண்டிலை இறக்கி மீனுக்குக் காத்திருப்பர்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். ரொறன்ரோ மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழ்கின்றனர். அந்நகருக்கு வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேர மோட்டார்ப் பயணத் தொலைவில், பனிமீன்பிடிக்குப் பெயர்பெற்ற சிம்கோ ஏரி இருக்கின்றது. விடுமுறை நாளொன்றில் பள்ளித் தோழரோ தொழில் நண்பரோ அழைக்க, நம் பிள்ளைகளும் அங்கே செல்லக்கூடும். கடற்கரையிற் பிறந்து, காற்றின் குறியையும் நீரோட்டத்தின் போக்கையும் தந்தையிடமும் பாட்டனிடமும் கற்றுக்கொண்டவர்க்கும் பனித்தளம் புதியதே. மரபுவழி வந்த அறிவு துணை நில்லாத இடத்தில், அளவுகோலும் ஆராய்ச்சியுமே துணை நிற்க வேண்டும். ஆகவே அப்பனித்தளம் எவ்வாறு உண்டாகின்றது, எங்கே தாங்கும், எங்கே கைவிடும், கைவிட்டால் உயிர் தப்பும் வழி யாது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

மேலே பனி, கீழே நீர்

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி, அடர்த்தி மிகுந்து, கனமாகும் இயல்பின. நீரும் 4 பாகை செல்சியஸ் வரையில் அவ்வாறே நடந்துகொள்கின்றது. அதற்கும் கீழே குளிரும்போதோ, வழக்கத்துக்கு மாறாக விரிந்து இலேசாகின்றது. இந்த ஒரு விந்தையினாலேயே குளிர்நாட்டு ஏரிகளில் மீன்கள் உயிர் வாழ்கின்றன.

இலையுதிர் காலத்தில் ஏரியின் மேற்பரப்பிலுள்ள நீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்க, அடிநீர் மேலே வருகின்றது. ஏரி முழுவதும் 4 பாகையை அடையும்வரை இச்சுழற்சி நீடிக்கும். அதன்பின் மேலும் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடும். அதுவே 0 பாகையில் உறைந்து பனிப்பாளமாகின்றது. பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியிற் பத்தில் ஒன்பது பங்களவே ஆதலால், அப்பாளம் அமிழாது மிதக்கின்றது. அதன் கீழே, 4 பாகை அளவிலுள்ள நீரில், மீன்கள் ஆறுதலாக நீந்திக்கொண்டிருக்கின்றன. பனிக்கட்டி நீரில் அமிழும் இயல்பினதாயிருந்தால், ஏரிகள் அடியிலிருந்து உறைந்து வந்து மீனினம் முழுவதும் மாண்டிருக்கும்.

இவ்வாறு உண்டான பாளம் அடிப்புறமாகவே வளர்கின்றது. கீழுள்ள நீரின் வெப்பம் பாளத்தை ஊடுருவி மேலேயுள்ள குளிர்காற்றுக்குச் சென்றாற்றான் மேலும் நீர் உறையும். பாளம் தடிக்கத் தடிக்க அதுவே ஒரு தடையாகிவிடுகின்றது. முதல் இரண்டு மூன்று அங்குலம் விரைவில் உண்டாக, அடுத்த அங்குலங்கள் மெல்ல மெல்லவே வளர்வதன் காரணம் இதுவே. அதன்மேல் வெண்பனி பொழிந்து மூடுமாயின், அது கம்பளிப் போர்வைபோற் குளிரைத் தடுத்து, வளர்ச்சியை இன்னும் தாமதப்படுத்தும். ஊரெல்லாம் வெண்பனி மூடிக் கடுங்குளிர் நிலவுகின்றதே, ஏரி நன்றாக இறுகியிருக்கும் என்று எண்ணுதல் தவறு. மூடிய வெண்பனியின் கீழே மெல்லிய பாளம் மறைந்திருத்தல் கூடும்.

சிம்கோ ஏரி கற்பிக்கும் பாடம்

சிம்கோ ஏரியின் பரப்பு ஏறக்குறைய 720 சதுர கிலோமீற்றர். ஆயினும் இவ்வேரி முழுவதும் ஒரே நாளில் உறைவதில்லை. தென்கோடியிலுள்ள குக் குடா ஆழங்குறைந்தது. அங்குள்ள நீர் விரைவிற் குளிர்ந்துவிடுமாதலால், பனித்தளம் முதலில் அங்கேயே உண்டாகின்றது. மேற்கே பாரி நகரத்தையொட்டிய கெம்பன்பெல்ற் குடாவோ 40 மீற்றருக்கு மேல் ஆழமுடையது. அவ்வளவு நீரும் குளிர நெடுநாட் செல்லும். ஒரே ஏரியில், ஒரே நாளில், ஒரு குடாவில் மனிதர் நடமாட, மற்றொரு குடாவில் அலை அடித்துக்கொண்டிருத்தல் வியப்பன்று.

குக் குடாவிலும் எல்லா இடமும் ஒத்தனவல்ல. ஹொலண்ட் ஆறு அக்குடாவில் வந்து விழுகின்றது. ஓடும் நீர் பாளத்தை அடியிலிருந்து அரித்துக்கொண்டேயிருக்கும். வடக்கே ஒறிலியா நகரருகில், சிம்கோ ஏரியின் நீர் அதர்லி என்னும் ஒடுங்கிய வழியாகக் கூச்சிச்சிங் ஏரிக்குப் பாய்கின்றது. அங்கும் நீரோட்டத்தினால் பனி மெலிந்தே காணப்படும். அந்த ஒடுங்கிய வழியிற் கனடாவின் தொல்குடி மக்கள் 4000 ஆண்டுகளுக்கும் முன்னரே கழிகளை நட்டு அடைப்புக் கட்டி மீன்பிடித்தனர். அக்கழிகளின் எச்சங்கள் இன்றும் நீரடியில் உள்ளன. மீனைக் கொண்டுவந்து சேர்க்கும் நீரோட்டமே பனியை மெலியச் செய்வதுமாகும்.

இவ்வேரியிற் குளிர்காலத்தில் அகப்படுவன பெரும்பாலும் பேர்ச் என்னும் மஞ்சள்நிற மீனும், வெண்மீனும், ஏரித் திரௌட்டும் ஆகும். தம் குடில்களை வாடகைக்கு விட்டு, விருந்தினரைப் பனியில் ஓடும் வண்டிகளில் ஏற்றிச் சென்று, மாலையில் மீண்டும் கரைசேர்க்கும் தொழிலினர் ஏரிக்கரை ஊர்களில் உளர். அவர்கள் நாள்தோறும் பாதையை அளந்து பார்ப்பவர்கள். முதன்முறை செல்வோர் இத்தகையோருடன் செல்லுதலே அறிவுடைமை. மீன்பிடிப்பதற்கு அரசாங்க அனுமதியும் வேண்டும். ஏரியில் நிறுத்தும் குடிலின் வெளிப்புறத்திற் பதிவிலக்கத்தைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். குறித்த தேதிக்குள் அக்குடிலை அகற்றுதலும் வேண்டும். பனி உருகியபின் குடிலைத் தேடுவோன் அதனை ஏரியின் அடியிற்றான் காண்பான்.

எத்தனை அங்குலம் தாங்கும்?

பனியின் வலிமையை அறியத் தொடங்குவோர் முதலில் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிவாகவும் சற்று நீலமாகவும் தோன்றும் பனியே வலியது. உருகிய வெண்பனி மீண்டும் உறைந்து உண்டாகும் வெள்ளைப் பனியில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்திருக்கும். அதன் வலிமை தெளிந்த பனியின் வலிமையிற் பாதியே எனக் கொள்ளல் வேண்டும். ஆகவே அதற்கு இரு மடங்கு தடிப்பு வேண்டும். சாம்பல் நிறமான பனி நீர் கசிந்து கெட்டுப்போனது. அதில் அடியெடுத்து வைத்தலே ஆகாது.

அடுத்தது தடிப்பு. ஆயிரக்கணக்கான ஏரிகளையுடைய அமெரிக்காவின் மினசோற்றா மாநில அரசு, தெளிந்த புதுப்பனிக்குச் சில அளவுகளை வகுத்துள்ளது. ஒருவர் நடந்து செல்வதற்கு 4 அங்குலம். பனியில் ஓடும் சிறு மோட்டார் வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம். சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம். பெரிய வாகனங்களுக்கு அதனினும் மிகுதி. கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் எச்சரிக்கையாக, தனியொருவர் நடப்பதற்கே 15 சென்ரிமீற்றர், அதாவது 6 அங்குலம், வேண்டுமென்கின்றது. பிள்ளைகளுடன் செல்வோர் இவ்விரண்டில் மிகுதியானதையே கைக்கொள்ளுதல் நன்று.

இவ்வளவுகளுக்கு அடிப்படையான கணக்கொன்றை மாணவர் அறிந்துகொள்ளலாம். கனடிய தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த லோர்ன் கோல்ட் என்பார், பனிப்பாளம் தாங்கும் பாரம் அதன் தடிப்பின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதை ஒரு சமன்பாட்டில் அமைத்தார். எச்சரிக்கையோடு கணிப்போர், சென்ரிமீற்றரிற் கண்ட தடிப்பை வர்க்கித்து, அதனை 3.5 ஆற் பெருக்குவர். கிடைப்பது கிலோகிராமிற் பாரமாகும். 10 சென்ரிமீற்றர் தடிப்பாயின் 350 கிலோகிராம். 20 சென்ரிமீற்றராயின் 1400 கிலோகிராம். தடிப்பு இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகின்றது. இதனைத் திருப்பி நோக்கினால் அச்சந்தரும் உண்மையொன்று புலனாகும். தடிப்பு பாதியானால் வலிமை காற்பங்காகிவிடும். நின்ற இடத்தில் 8 அங்குலமும் பத்தடி தள்ளி 4 அங்குலமும் இருக்குமாயின், அந்தப் பத்தடிக்குள் நம்மைத் தாங்கும் வலிமை நாலிலொன்றாகக் குறைந்துவிடும். கண்ணுக்கோ இரண்டும் ஒரே வெண்ணிலமாகத் தோன்றும்.

இக்கணக்கு விரிசலற்ற, நன்கு இறுகிய, தெளிந்த பனிக்கே பொருந்தும். நெடுநேரம் ஓரிடத்தில் நிற்கும் வாகனத்துக்கும் இது பொருந்தாது. பாரம் ஓரிடத்தில் தங்கத் தங்கப் பாளம் மெல்ல வளைந்துகொண்டே போகும். வேகமாய் ஓடும் வாகனமோ பாளத்தின் கீழுள்ள நீரில் அலையெழுப்பும். அவ்வலை கரையருகே பனியை உடைத்துவிடுதலும் உண்டு. ஆதலால் மெல்ல ஓட்டுதலும், வண்டிகளை நெருங்க நிறுத்தாதிருத்தலும் அங்கு வழங்கும் விதிகள்.

அளக்கும் முறை எளிது. பனியை அளப்பவர் கையில் நம் ஊர் அலவாங்கைப் போன்ற இரும்புக் கோலொன்று இருக்கும். முன்னே ஓங்கிக் குத்திப் பார்த்து, அது ஊடுருவிச் செல்லாத இடத்திலேயே அடுத்த அடியை வைப்பார். சிறிது தூரத்துக்கொருமுறை, தச்சரின் துறப்பணத்தைப் பெரிதாக்கினாற் போன்ற கருவியாற் பனியைத் துளைத்து, அளவுகோலை இறக்கித் தடிப்பைப் பார்ப்பார். முந்திய நாள் அளந்தது இன்றைக்கு உதவாது. பிறர் சென்ற காலடித் தடமும் சான்றாகாது. சென்றவர் திரும்பி வந்தாரா என்பதை அத்தடம் சொல்லாது.

பனி வஞ்சிக்கும் இடங்கள்

ஆறு வந்து சேரும் முகத்துவாரம், ஏரி வடியும் வாய்க்கால், பாலத்தின் அடி, நீரூற்றுள்ள இடம் ஆகியவற்றில் நீர் ஓய்வின்றி அசைவதாற் பனி மெலிந்திருக்கும். கரையோரப் பாறைகளும், நீரில் நாட்டிய மரத்தூண்களும், பனிமேல் நீட்டி நிற்கும் கோரைகளும் பகல் வெயிலை உறிஞ்சித் தம்மைச் சுற்றியுள்ள பனியை இளக்கும். ஆகவே கரையோரம் ஆழங்குறைந்தது, அச்சமில்லை என்று கருதுதல் கூடாது. ஏரியின் நடுவே பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கி மேடாக எழும்பி நிற்கும் வரிகளும் உண்டு. அவ்வரிகளின் இருபுறத்திலும் பிளவும் திறந்த நீரும் இருத்தல் இயல்பு.

பங்குனி மாதப் பனி வேறொரு வகையில் வஞ்சிக்கும். வெயிலேற வெயிலேற, பாளம் நெடுங்குத்தான கோல்களாகப் பிரிந்து, மெழுகுதிரிகளைக் கட்டாக நிறுத்தியது போலாகிவிடும். துளையிட்டு அளந்தால் அளவுகோல் ஓரடி என்று காட்டும். காலை வைத்தாலோ கோல்கள் தனித்தனியே விலகி மனிதனை உள்ளே விட்டுவிடும். முற்பருவத்தில் 4 அங்குலம் செய்த வேலையை இப்பருவத்தில் 12 அங்குலமும் செய்யாது.

காற்று செய்யும் சூழ்ச்சி

தடிப்பு எவ்வளவாயினும் பெரிய ஏரியிற் காற்றை மறத்தலாகாது. 2009 பெப்ரவரி 7ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலக் கரையிலிருந்து ஈரீ என்னும் பேரேரிக்குள் மீனவர் பலர் சென்றிருந்தனர். பனி அவர்களைத் தாங்கும் அளவுக்குத் தடித்தே இருந்தது. வழியிற் கண்ட பிளவின்மேல் மரச்சட்டங்களைப் பாலமாக இட்டுக் கடந்து சென்றனர். பின்னர் கரைப்புறமிருந்து வீசிய காற்று அப்பிளவை அகற்றிவிட்டது. மைல்கணக்கான நீளமுள்ள பாளமொன்று மீனவரைச் சுமந்துகொண்டு ஏரிக்குள் நகரத் தொடங்கிற்று. ஹெலிகொப்டர்களும் படகுகளும் விரைந்து 134 பேரைக் காப்பாற்றின. ஒருவர் உயிரிழந்தார்.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. 2020 ஜனவரியில் ருஷ்யாவின் சகலின் தீவுக்கு அப்பால், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர் இவ்வாறே பிரிந்த பாளத்திற் சிக்கி மீட்கப்பட்டனர். 2023 டிசம்பர் இறுதியில் மினசோற்றாவின் மேல் றெட் ஏரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிக்கினர். பிளவைக் கண்டபோது அதனை எப்படிக் கடப்பதென்று சிந்தித்தல் மீனவன் இயல்பு. பிளவு அகலுமாயின் எப்படித் திரும்புவதென்று சிந்தித்தலே விவேகம். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசும் நாளில், பெரிய ஏரிக்குள் தொலைவு செல்லாதிருத்தல் வேண்டும். நம் கடலோடிகள் இந்நெறியை எளிதில் உணர்ந்துகொள்வர்.

விழுந்துவிட்டால்?

இத்தனை எச்சரிக்கையின் பின்னும் பனி உடைந்து ஒருவன் நீரில் வீழ்ந்துவிட்டால் யாது செய்வது? கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் தாமே பலமுறை உறைநீரில் இறங்கி, மனித உடலுக்கு அங்கு நேர்வன யாவை என ஆராய்ந்தவர். அவர் கற்பிக்கும் பாடம் ஒன்று, பத்து, ஒன்று என்னும் மூன்று எண்களில் அடங்கும்.

முதலாவது எண் 1 நிமிடம். உறைநீர் உடலிற் பட்டவுடன் மூச்சுத் திணறி, நெஞ்சு படபடத்து, நம்மையறியாமலே பெருமூச்சு வாங்குவோம். அவ்வேளையில் தலை நீருக்குள் இருந்தால் நீர் உட்சென்று உயிர் போகும். ஆகவே முதல் நிமிடத்திற் செய்ய வேண்டியது தலையை வெளியே வைத்து, மூச்சு அடங்கும்வரை பொறுத்திருத்தலே. அத்திணறல் தானே தணியும்.

இரண்டாவது எண் 10 நிமிடம். இக்கால அளவிற்றான் கைகால்கள் நம் சொற்படி இயங்கும். பின்னர் விரல்கள் மடங்கா, தசைகள் தளர்ந்துவிடும். வெளியேறும் முயற்சி முழுவதையும் இப்பத்து நிமிடத்துக்குள் செய்தல் வேண்டும்.

மூன்றாவது எண் 1 மணி. உறைநீரில் வீழ்ந்தவன் உடனே குளிரால் விறைத்து இறந்துவிடுவான் என்பது பொதுமக்கள் எண்ணம். உண்மையில் உடலின் உள்வெப்பம் குறைந்து அறிவு மயங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். பலர் இறப்பது குளிரினாலன்று. பதற்றத்தால் முதல் நிமிடங்களை வீணாக்கி மூழ்கிவிடுவதனாலேயே. இவ்வுண்மையை அறிந்திருப்பவனுக்குப் பதற்றம் பாதியாகக் குறையும்.

வெளியேறும் முறை பின்வருமாறு. முதலில் வந்த திசையை நோக்கித் திரும்ப வேண்டும். அத்திசைப் பனி சற்று முன்னர்வரை நம்மைத் தாங்கியது; எதிர்ப்புறப் பனியைப்பற்றி நாம் ஒன்றும் அறியோம். தடித்த உடுப்புகளைக் களைய முற்படலாகாது; அவற்றினுள் அடைபட்ட காற்று சிறிது நேரம் மிதக்க உதவும். கைகளைப் பனியின்மேல் நீட்டி வைத்து, நீந்துவது போலக் கால்களை உதைத்து, உடலை நீர்மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவர வேண்டும். பின்னர் முன்னோக்கி உந்தி, மார்பைப் பனியின்மேல் ஏற்ற வேண்டும். பனி உடைந்தால் அஞ்சாது, அடுத்த விளிம்பில் மீண்டும் முயல வேண்டும். மேலேறியதும் எழுந்து நிற்கவே கூடாது. படுத்தபடியே உருண்டு, வந்த வழியே சென்று, உறுதியான இடத்தை அடைந்தபின் எழ வேண்டும்.

வழுக்கும் பனியைப் பற்றிக்கொள்ள வெறுங்கை உதவாது. ஆதலால் அந்நாட்டார், கூரிய ஆணி பொருத்திய இரு மரப்பிடிகளைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்து செல்வர். அவற்றை மாறி மாறிப் பனியிற் குத்தி உடலை இழுத்துக்கொள்ளலாம். விலை அற்பம், வீட்டிலேயே செய்தும் கொள்ளலாம். பையினுள் வைத்தால் வேளைக்கு உதவாது. மார்பின்மேல் தொங்க வேண்டும். மிதவை அங்கியும் அவ்வாறே உடுத்தியிருக்க வேண்டியது.

முயன்றும் வெளியேற இயலாவிடின், கைகளை இயன்றமட்டும் பனியின்மேல் நீட்டி அசையாது வைத்திருக்க வேண்டும். ஈர உடுப்பின் கை பனியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அறிவு மயங்கினாலும் உடல் மூழ்காது. உதவிக்கு வருவோர் வந்து சேரும்வரை அவ்வொட்டுதலே உயிரைப் பிடித்து நிற்கும்.

பிறரைக் காக்கச் செல்வோர்

தம் பிள்ளையோ நண்பனோ நீரில் வீழ்ந்ததைக் கண்டவுடன் ஓடிச்சென்று கைகொடுத்தல் மனித இயல்பு. அவ்வியல்பே ஓருயிர் போகுமிடத்தில் ஈருயிர் போகக் காரணமாகின்றது. ஒருவரைத் தாங்காத பனி இருவரை எங்ஙனம் தாங்கும்? முதலில் அவசர உதவிக்கு அழைக்க வேண்டும்; கனடாவிலும் அமெரிக்காவிலும் அதற்கான எண் 911. பின்னர் நின்ற இடத்திலிருந்தே வீழ்ந்தவரோடு பேசி, மூச்சை அடக்கவும் காலை உதைக்கவும் உரத்துச் சொல்ல வேண்டும். கயிறு, ஏணி, நீண்ட தடி, மரக்கிளை, எது கிடைப்பினும் நீட்டவோ எறியவோ வேண்டும். கயிற்றின் நுனியில் வளையம் கட்டி எறிதல் நன்று. விறைத்த விரல்கள் பற்றா, ஆயின் வளையத்துள் கையை நுழைக்கலாம். அணுகியே தீர வேண்டுமாயின் நின்று செல்லாது, பனியிற் படுத்து ஊர்ந்தே செல்ல வேண்டும்.

மீட்டெடுத்தவரைக் கிடத்தி, ஈர உடையை மெதுவாக அகற்றி, உலர்ந்த கம்பளியாற் போர்த்த வேண்டும். கைகால்களைத் தேய்த்தலும், மதுபானம் கொடுத்தலும், எழுந்து நடக்கச் செய்தலும் தீங்கு விளைக்கும். நல்ல நினைவோடிருப்பின் இளஞ்சூடான இனிய பானம் கொடுக்கலாம். எத்துணைத் தேறியவர்போலத் தோன்றினாலும் மருத்துவரிடம் சேர்ப்பித்தல் அவசியம்.

இன்னுமோர் ஆபத்து பனியின் கீழன்று, குடிலின் உள்ளேயே இருக்கின்றது. குளிர் காய்வதற்கு எரியும் அடுப்பிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டமில்லாத குடிலில் தலைவலியும் மயக்கமும் தோன்றி, உறங்கியவர் உறங்கியபடியே இறத்தல் உண்டு. குடிலில் எப்பொழுதும் காற்று வழி திறந்திருக்க வேண்டும். அந்நச்சுவாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவியும் இருக்க வேண்டும்.

மாறிவரும் பனிக்காலம்

இத்தனை விதிகளையும் குளிர்நாட்டு முதியோர் அனுபவத்தாலேயே அறிந்திருந்தனர். இந்த வாரத்தில் இந்தக் குடா தாங்கும், அந்த வாரத்தில் அந்தக் குடா தாங்கும் என்று நாட்காட்டி பார்த்துச் சொல்லக்கூடியவர் இருந்தனர். இன்று அந்நாட்காட்டி பிழைக்கத் தொடங்கிவிட்டது.

ஜப்பானிலுள்ள சுவா ஏரி உறையும்போது பனி வெடித்து ஏரியின் குறுக்கே வரம்புபோல் எழும். கடவுள் தம் தேவியைக் காண ஏரியைக் கடந்து சென்ற தடம் அதுவென்பது அவ்வூரார் நம்பிக்கை. கோயிற் பூசகர்கள் 1443 தொடக்கம் அத்தடம் தோன்றிய நாளைப் பதிந்து வருகின்றனர். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே. இக்காலத்திலோ உறையாத ஆண்டுகளே வழக்கமாகிவிட்டன. கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில், றீடோ கால்வாய் உறைந்ததும் மக்கள் அதில் 7.8 கிலோமீற்றர் தூரம் சறுக்கி விளையாடுவர். 1970ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவ்வழக்கம், 2022–23ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் முதன்முறையாக ஒருநாளேனும் நடைபெறவில்லை. பனி போதிய அளவு தடிக்கவில்லை.

ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சப்னா சர்மாவும் அவர்தம் கூட்டாளரும், பத்து நாடுகளிற் பனிக்காலத்தில் நிகழ்ந்த 4000க்கும் மேற்பட்ட நீர்மரணங்களை ஆராய்ந்து, 2020இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். கடுங்குளிர் நாள்களில் அன்று, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 5 பாகைக்கும் பூச்சியத்துக்கும் இடைப்பட்டிருக்கும் மிதமான நாள்களிலேயே மரணங்கள் மிகுகின்றன. மனிதனுக்கு இதமான நாள் பனிக்கு வலிகுன்றும் நாள். வெயில் இனிதாக இருக்கின்றது, பிள்ளைகளோடு ஏரிக்குப் போகலாம் என்று மனம் சொல்லும் நாளே, அலவாங்கும் அளவுகோலும் மிகுதியாக வேண்டப்படும் நாள்.

இவையெல்லாம் பனிமீன்பிடியை வெறுத்தொதுக்கச் சொல்வன அல்ல. அந்நாட்டு நெடிய பனிக்காலத்தில், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் குடும்பத்தை வெளியே அழைத்து, வெண்மை சூழ்ந்த பேரமைதியில் ஒன்றாக அமர வைக்கும் பொழுதுபோக்கு அது. புதிய மண்ணிற் குடியேறியவர் அம்மண்ணின் இன்பங்களிற் பங்கு கொள்ளுதல் நன்றே. அவ்வின்பத்தோடு சேர்ந்த அறிவையும் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். தனியே செல்லாதிருத்தல், செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்லுதல், அவ்வூரில் அன்றாடம் பனியை அளப்போரைக் கேட்டறிதல், கழுத்தில் ஆணிப்பிடியும் உடலில் மிதவை அங்கியும் அணிதல், ஐயம் தோன்றிய இடத்திலேயே திரும்பிவிடுதல் ஆகிய ஐந்தையும் கைக்கொள்வோர்க்கு அபாயம் பெரிதும் குறையும்.

அடுத்த தை மாதத்தில், கனடாவிலுள்ள மகனோ மருமகனோ தொலைபேசியில் அழைத்து, ஏரிக்கு மீன்பிடிக்கச் செல்வதாகச் சொல்லுதல் கூடும். எத்தனை மீன் பிடிப்பாய் என்று கேட்பதற்கு முன்னர், பனி எத்தனை அங்குலம் என்று பெற்றோர் கேட்கட்டும். நேற்று யாரோ சொன்னார்கள் என்று விடை வருமாயின், இன்று நீயே அளந்து பார்த்தபின் அடியெடுத்து வை என்று சொல்லட்டும்.